சுவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்

அந்தப் படத்தை வெட்டியவர் விவரம் தெரியாதவர் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்து, பிளேடால் நேர்க்கோடாக அறுத்திருந்தார். கோணல் மாணலாக வெட்டியிருந்தால்கூட ஏதோ அவசரத்தில் செய்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்த நேர்த்தியைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அச்சகத்தின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், "பாக்கியக்கா, உங்க அனுபவத்த எங்களுக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். ஸ்டூடியோவில் நெகட்டிவ் மீது பென்சில் வைத்து முகத்துத் தழும்பை மறைத்த காலத்திலிருந்து, கலர் லேப், அப்புறம் இராஜபாளையத்தில் இதே அச்சகத்துக் கம்ப்யூட்டர் என்று, என் பிழைப்பு முழுக்கப் பழைய படங்களைச் சரிசெய்வதில்தான் போனது. எந்த மென்பொருளில் எதை அழுத்தினால் கீறல் மறையும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

திருவில்லிபுத்தூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். மதுரையிலும் சென்னையிலும் வெளிநாட்டிலுமாகச் சிதறிக் கிடந்தவர்கள் எல்லோரும் சொந்த ஊரில் ஒன்றுகூடுவது என்று முடிவு செய்து, அதற்காக ஒரு வம்ச வரலாற்றுப் புத்தகம் போட எங்களிடம் வந்தார்கள். அந்தக் குடும்பச் சங்கத்தின் செயலாளர்தான் ஞானதுரை. நான் மேலே சொன்னவர்.

முதல் தடவை அவரோடு ஒரு பெண்ணும் வந்தார். பெயர் ரத்தினபாய். தளவாய்புரத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுப்பவர். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு சேலைத்துண்டு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்தப் படம். தடித்த அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் புகைப்படம். ஞானதுரை கை நீட்டியும் அவரிடம் கொடுக்காமல், என் மேசையில் தானே வைத்தார்.

சீனாவில் இருந்த ஒரு வெளிநாட்டுப் படையின் கல்லறைத் தோட்டம் அது. நூறு வருஷத்துக்கும் முன்னால் வெள்ளைக்காரன் அங்கே சண்டைக்குப் போனபோது, நம் பக்கத்திலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனான். துப்பாக்கி பிடிக்க மட்டும் இல்லை. அடிபட்டவர்களைத் துணிக்கட்டிலில் தூக்கிச் சுமக்கவும் ஆள் வேண்டியிருந்தது. தூளி தூக்கிகள் என்று சொல்வார்கள். அப்படிப் போனவர்கள் இந்தக் குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் மாசிலாமணி. தம்பி வேதமுத்து. அண்ணன் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார். தம்பி ஊர் திரும்பினார். கூட இருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர் கொடுத்தது என்று இந்தப் படத்தைக் கொண்டுவந்து, அண்ணன் விட்டுப்போன சின்ன மகள் கையில் கொடுத்தார். அந்த மகளின் பேத்திதான் ரத்தினபாய். ஞானதுரை, தம்பி வேதமுத்துவின் வழியில் வந்தவர்.

படத்தில் பெரும்பகுதியும் கல்லறைகள்தான். இலை கொட்டிய மரங்களுக்குக் கீழே வெள்ளைச் சிலுவைகளும் எழுத்து வெட்டிய கற்களும் வரிசை வரிசையாக நின்றன. வலது பக்கம் இடுப்புயரத்தில் ஒரு மண்சுவர். சுவரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரத்தினபாய் சுவருக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தார்.

"இந்தா, இங்கன மேடு மேடா தெரியுதுல்லா? இதுல சிலுவை வச்சிருக்க மேடுதான் எங்க ஆச்சியோட அப்பா. பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருக்கது அவிய தம்பி."

ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். வெறும் மண்மேடுகள். ஒன்றின் தலைமாட்டில் மட்டும் இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்து, துணியைக் கிழித்துக் கட்டிய ஒரு சிலுவை. பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலைப்பாகையோடு ஒரு ஆள் குந்தியிருந்தார். கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுத்தவன் அவரை எடுக்க வந்திருக்க மாட்டான். உள்ளே இருக்கிற கற்களைத்தான் எடுக்க வந்திருப்பான். இவரை ஓரத்தில் இருக்க விட்டானே, அது போதும் என்று தோன்றியது.

சுவருக்கு உள்ளே படுத்திருந்தவனும் ஞானஸ்நானம் பெற்றவன், வெளியே படுத்திருந்தவனும் ஞானஸ்நானம் பெற்றவன். ஒரே காய்ச்சலில் செத்திருப்பார்கள். இவன் தூக்கிக்கொண்டு போன ஆட்களே உள்ளே கிடந்திருப்பார்கள். அவர்களுக்குக் கல், இவனுக்குக் குச்சி. எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. ஆனால் அந்தச் சுவரைக் கட்டியவர்கள் எல்லோரும் செத்துப்போனார்கள், அவர்களிடம் போய் என்ன கேட்க முடியும்?

"படத்த இவுககிட்ட விட்டுட்டுப் போ ரத்தினம். விழா முடிஞ்சதும் நானே கொண்டாந்து தாரேன்" என்றார் ஞானதுரை. ரத்தினபாய்க்கு மனசே இல்லை. பெரிய மனிதர், சொந்தக்காரர், மறுக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பியவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "தண்ணி கிண்ணி பட்டுறாமப் பாத்துக்கிடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஞானதுரை நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, முன்வரிசையில இந்தக் கல்லு நல்லாப் பெருசாத் தெரியுது பாருங்க. இதுல இருக்கிற எழுத்த எடுத்துட்டு, கேப்டன் மாசிலாமணின்னு போட்டுருங்க. வெட்டுன எழுத்து மாதிரியே இருக்கணும்."

"அவர் கேப்டனா சார்?"

"யாருக்கும்மா தெரியப்போவுது?"

தம்பி தங்கைகளே, நீங்களும் நானும் செய்யாத பொய்யா? வாழ்நாளெல்லாம் சட்டை போடாத தாத்தாவுக்குக் கோட்டும் டையும் மாட்டியிருக்கிறேன். செத்த பிறகு எடுத்த படத்தில் மூடியிருந்த கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு நாளும் சேர்ந்து நின்று படமெடுக்காத புருஷன் பெண்டாட்டியைத் தோளோடு தோள் ஒட்டி நிற்க வைத்திருக்கிறேன். அதற்கெல்லாம் வெட்கப்படவில்லை. அந்தத் தாத்தா கோட்டுப் போட்டவர் இல்லை என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது மாலை போடுவது மாதிரி. ஒரு கல்லறையிலிருந்து ஒருவன் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு இன்னொருவன் பெயரை எழுதுவது அந்தக் கணக்கில் வராது. அந்தக் கல்லுக்குக் கீழே கிடந்தவனையும் ஒருத்தி பெற்றுத்தானே அனுப்பியிருப்பாள்? எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன?

"அது முடியாது சார். மேட்டைச் சுத்தி மெல்லிசா ஒரு வட்டம் போட்டு, இங்கதான் மாசிலாமணி அடக்கம் பண்ணப்பட்டார்னு கீழ எழுதலாம். ஜனங்களுக்கு நல்லா வெளங்கும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அந்த மேடு தெரியவே கூடாதுங்கேன். நீங்க வட்டம் போடுதேங்கிய. சரி, பேரு எழுத வேண்டாம். சுவரோட நிறுத்திருங்க. அந்தப் பக்கம் எதுவும் வரப்பிடாது."

"அப்படி நிறுத்துனா உங்க ஆளு ரெண்டு பேருமே படத்துல இருக்க மாட்டாங்களே சார்? படம் அந்த அம்மாவோடது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அவங்க சரின்னா எனக்கு என்ன?"

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் கொண்டுவருகிற எல்லோரும் படத்துக்கு உரியவர் ஆகிவிட மாட்டார்கள். யார் உரத்துப் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். யார் அதைச் சேலைத்துண்டில் சுற்றி வைத்திருந்தார் என்று பாருங்கள்.

"கேட்டுட்டு வாரேன்" என்று மூலப்படத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். உறையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். சுவரோடு நின்றது படம். அட்டையின் வலது ஓரம் மட்டும் புது வெள்ளையாக இருந்தது.

"இந்தாங்க. வெட்டுற பாவம் உங்களுக்கு வேண்டாம்னுதானே சொன்னிய? நானே முடிச்சிட்டேன். இப்ப இத அப்படியே போடுங்க."

அந்த வெள்ளை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். நூறு வருஷம் தண்ணீருக்கும் கரையானுக்கும் தப்பிய அட்டை.

"வெட்டுன துண்டு எங்க சார்?"

"அது எதுக்கு? குப்பையோட போச்சு."

"அந்த அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட என்ன கேக்குறது? படிச்சவளா அவ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தாம்மா, ஒங்ககிட்ட சொல்லுதேன். எம் மருமவன் வீட்டுக்காரங்க வாராங்க, வெளிநாட்டுல இருந்து வாராங்க. எங்க முன்னோரு பல்லக்குத் தூக்கி மாதிரி பொணத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சாரு, செத்ததும் சுவருக்கு வெளிய பொதச்சிட்டாங்கன்னு மேடையில ஏறிச் சொல்லவா? அந்த ஆளு குத்தவச்சிருக்க இருப்பப் பாத்தியளா? எந்தச் சாதியில இருந்து வந்தோம்னு அது ஒண்ணே காட்டிக் குடுத்துரும்" என்றார்.

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஊரில் உட்காருகிற விதத்தை வைத்தே ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அவர்கள் மேல் வரவேண்டிய கோபத்தை இவர் தன் பாட்டன் மேல் காட்டிவிட்டாரே என்பதுதான் எனக்குத் தாளவில்லை. வெள்ளைக்காரன் அந்தப் பாட்டனை வெளியே வைத்து ஒரு சுவர் கட்டினான். அதே சுவர் ஓரமாக ஸ்கேலை வைத்து, அந்த வேலையைச் சொந்த வம்சத்துக்காரரே முடித்துவைத்திருக்கிறார்.

"பொறவு இன்னொண்ணு. நீங்க மொதல்ல ஸ்கேன் பண்ணுனதக் கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிருங்க" என்றார்.

"அழிக்க மாட்டேன் சார்."

அவர் நேராக முதலாளியின் அறைக்குப் போனார். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பதற்றம் வந்தால் கடையிலும் தெலுங்கு வந்துவிடும். என்னைக் கூப்பிட்டு, "வத்தும்மா, வத்து" என்றார். வேண்டாம், விட்டுவிடு என்று அர்த்தம். "ஊரெல்லாம் தெரிஞ்ச மனுஷன். புத்தகம் முழுக்க ரெடி. ஒரு பக்கத்துக்காக ஏன் சண்டை?"

அந்த இடத்தில் எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று நான் யோசித்தேன். புத்தகம் அவர்கள் போடுவது. அதில் என்ன வரவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த ஸ்கேன்தான் இப்போது மிச்சம் இருக்கிற ஒரே முழுப் படம். அதை அழித்தால் வேதமுத்து என்கிற மனிதரின் முகம் உலகத்தில் எங்குமே இருக்காது.

"அந்தப் பக்கத்த நான் செய்யலை முதலாளி. வேற யாரையும் வச்சு முடிச்சுக்கிடுங்க, நான் குறுக்க நிக்கல. ஸ்கேன அழிக்கச் சொன்னா மட்டும் இப்பவே வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

முதலாளி எழுந்து போய், வெளியே காத்திருந்த ஞானதுரையிடம், "அழிச்சாச்சு சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவைத்தார். திரும்பி வந்து, "உன் பென்டிரைவ்ல போட்டுக்கோ. என் கண்ணுல படக்கூடாது" என்றார்.

அன்று மாலையே ரத்தினபாய்க்குப் போன் செய்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. திரையில் இருந்த முழுப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க ஆச்சிக்கு அப்பன் மொகமே தெரியாதுக்கா. இந்த மேட்டக் காட்டித்தான், இதான் எங்கய்யான்னு சொல்லும். ஒரு மண்ணு மேடுக்கா. அதுகூட இவருக்கு எடைஞ்சலா இருந்திருக்கு பாருங்க" என்றார். பிறகு, "பெருசா ஒண்ணு போட்டுக் குடுங்க. எம்புட்டுப் பெருசு முடியுமோ அம்புட்டுப் பெருசா" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். சுருட்டி, அதே துணிப்பையில் செருகிக்கொண்டார். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விழா திருவில்லிபுத்தூரில், தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில். அச்சகத்துக்கு மரியாதை என்று முதலாளிக்கும் எனக்கும் அழைப்பு. எனக்குப் போக இஷ்டமே இல்லை. ரத்தினபாய் போன் செய்து, "நீங்க வந்தாத்தான்க்கா எனக்குத் தெம்பு" என்றார். போனேன்.

மேடையின் பின்னால் சுவரை அடைத்து ஒரு பேனர். வெட்டிய படம்தான். வெள்ளைச் சிலுவைகளுக்கு மேலே, 'சீனப் போரில் வீரமரணம் எய்திய நம் குலமுதல்வர் கேப்டன் மாசிலாமணி துயிலும் இடம்' என்று பொன்னிற எழுத்து. கையில் கொடுத்த புத்தகத்திலும் அதே படம், அதே வாசகம். ரத்தினபாய் கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரை முன்னால் வரச் சொல்லவில்லை.

ஞானதுரை நன்றாகப் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். போர்க்களம், பீரங்கி, கொடி என்று அவர் பேசப் பேசப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய அத்தை, எண்பது தாண்டியவர். வேதமுத்துவின் சொந்தப் பேத்தி. தாத்தா உயிரோடு இருந்தபோது அவர் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவர்களில் இப்போது மிச்சம் இருப்பவர் இந்த அத்தை ஒருவர்தான்.

"ஏலே ஞானம், எங்க தாத்தாவ எங்கலே? இந்தப் படத்துல அவிய உக்காந்திருப்பாவளே. நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அவியளக் காங்கலையே?"

ஞானதுரை ஒரு நொடி தடுமாறினார். பிறகு மைக்கிலேயே, கொஞ்சம்கூடக் கூசாமல், "அது பிரஸ்காரங்க பண்ணுன தப்பு அத்தை. ஓரத்த வெட்டிட்டாங்க. பழைய படத்தோட அருமை அவங்களுக்கு எங்க தெரியுது?" என்றார்.

பக்கத்தில் முதலாளி என் கையைப் பிடித்து, "வத்து" என்றார். எழுந்து நின்றுவிட்டேன். பெரிதாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"அச்சகம் வெட்டலம்மா. முழுப் படமும் இருக்கு. அந்தா, அவங்க கையில இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

ரத்தினபாய் எழுந்து நடுவழியே நடந்து வந்தார். அத்தை முன்னால் தரையில் உட்கார்ந்து, படத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிழவி குனிந்து தேடவே இல்லை. கை நேராகத் தலைப்பாகைக்குப் போனது.

"இந்தா இருக்காவளே" என்றார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தார்.

"சுவருக்கு வெளிய இருந்தவிய அத்தை. அத எப்படி எல்லாருக்கும் முன்னால..." என்று ஞானதுரை மைக்கை விட்டு விலகி ஏதோ சொல்ல வந்தார்.

"அவியள வெட்டிப் போட்டுட்டு, யாரு வம்சத்துக்குலே புஸ்தகம் போட்டிருக்க?" என்றார் கிழவி.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர்கள், யார் முன்னால் அவமானம் என்று ஞானதுரை பயந்தாரோ அவர்கள்தான் முதலில் கைபேசியோடு வந்து அந்தப் படத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். "இவர்தானா? இவர்தானா?" என்று கேட்டுக் கேட்டு எடுத்தார்கள். பேனரை அதற்கப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முடிவு நன்றாக இருந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஞானதுரை கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மூலப்படத்தை ரத்தினபாயிடம் இன்னொரு ஆள் மூலமாகத்தான் திருப்பிக் கொடுத்தார். முதலாளி தன் செலவில் முழுப் படத்தைத் தனித் தாளாக அடித்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினார். எத்தனை பேர் அதைப் புத்தகத்தில் ஒட்டியிருப்பார்கள்? இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று அலமாரியைத் திறந்தால் அதற்குக் கேப்டன்தான் கிடைப்பார். அச்சில் ஏறிவிட்ட பொய்யை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அச்சகத்தில் இருக்கிற நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

விழா முடிந்த அடுத்த வாரம் ரத்தினபாய் அச்சகத்துக்கு வந்தார். வெட்டுப்பட்ட மூலப்படத்தை மேசையில் வைத்தார்.

"போன துண்ட இதுல சேத்து ஒட்ட முடியுமாக்கா?"

"முடியும். ஸ்கேன்ல இருந்து அந்தப் பகுதிய மட்டும் அதே பழுப்புல, அதே மாதிரி அட்டையில எடுத்துருவேன். ஒட்டுன இடம் தெரியாம, ஒரே படமா ஆக்கித் தாரேன். யாரு பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றேன். அதுதானே என் தொழில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் அந்த வெள்ளை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்க்கா. ஒட்டுன எடம் நல்லாத் தெரியணும். நாளப்பின்ன எம் பிள்ளையளும் பேரப்பிள்ளையளும், இது யாரு வெட்டுனதுன்னு கேக்கணும்லா?"

அப்படியே ஒட்டிக் கொடுத்தேன்.